தொடுதிரையும் டேட்டாபேஸும்: கேள்வி – பதில்

பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), தொடுதிரைப் பேனல், டேட்டாபேஸ் மூன்றும் சந்திக்கும் இடத்தில் வரும் சிக்கல்கள் பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் தருகிறோம். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்களிடம் 7 அங்குலப் பேனல். சர்வரில் உள்ள உற்பத்திப் பதிவு டேபிளில் சுமார் 40,000 வரிகள் இருக்கின்றன. ‘பட்டியல்’ பட்டனைத் தொட்டால் திரை அரை நிமிடம் உறைந்துவிடுகிறது; சில நேரம் பேனலே ரீஸ்டார்ட் ஆகிறது. மெமரி அதிகமுள்ள பேனல் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்க வேண்டாம். 40,000 வரிகளையும் அந்தத் திரையில் யார் பார்க்கப் போகிறார்கள்? 7 அங்குலம், 800×480 பிக்சல் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தேகால் பிக்சல். விரல் பிசகாமல் தொட ஒரு வரிக்கு 12 மி.மீ. உயரமாவது வேண்டும், அது 63 பிக்சல். தலைப்புக்கும் கீழே உள்ள பட்டன்களுக்கும் 140 பிக்சல் போனால் மீதி 340. ஆக, ஐந்து வரிகள்தான் பிடிக்கும். 10.1 அங்குலம், 1280×800 பேனலில் இதே கணக்குப் போட்டால் ஒன்பது வரிகள். சர்வரிடம் கேட்க வேண்டியதும் அவ்வளவுதான்.

ஐந்து வரி காட்டுவதற்கு ஆறு வரி கேளுங்கள். ஆறாவது வந்தால் ‘அடுத்து’ பட்டன் தெரியட்டும், வராவிட்டால் மறையட்டும். மொத்த எண்ணிக்கையைத் தனியாக எண்ணச் சொல்லும் வேலையே மிச்சம். ‘பக்கம் 3 / 8000’ என்று காட்டுவதால் ஆபரேட்டருக்கு எந்தப் பயனும் இல்லை. அந்த 8000-ஐக் கண்டுபிடிக்கச் சர்வர்தான் ஒவ்வொரு முறையும் மெனக்கெட வேண்டும்.

அடுத்த பக்கத்தை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். லிமிட், ஆஃப்செட் இரண்டையும் போட்டு ‘35,000 வரியைத் தாண்டி 6 கொடு’ என்றால், சர்வர் அந்த 35,000 வரிகளையும் நடந்து கடந்துதான் ஆறைக் கொடுக்கும். பின்னால் போகப் போக மந்தமாகும். இதற்குப் பதிலாக, திரையில் கடைசியாக இருந்த வரியின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு ‘அதைவிடச் சிறிய எண்கள், இறங்கு வரிசையில், 6’ என்று கேளுங்கள். அந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) இருந்தால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே வேகத்தில் வரும். ‘முந்தைய’ பட்டனுக்கு முதல் வரியின் எண்ணைவிடப் பெரியவற்றை ஏறு வரிசையில் கேட்டு, வந்ததைத் தலைகீழாக அடுக்கிக் காட்ட வேண்டும். தேதியை வைத்து வரிசைப்படுத்தினால், ஒரே நொடியில் இரண்டு பதிவுகள் இருக்கும். அதனால் தேதியோடு எண்ணையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் பக்க எல்லையில் ஒரு பதிவு காணாமல் போகும்.

பட்டியலுக்கு எல்லா நெடுவரிசைகளையும் இழுக்காதீர்கள். எண், நேரம், பொருள், நிலை என நான்கு போதும். வரியைத் தேர்ந்தெடுத்த பிறகு, விவரத் திரைக்கு அந்த ஒரு ரெக்கார்டை மட்டும் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி அடையாளம்) கொண்டு முழுமையாக எடுங்கள். தேடல் பெட்டி வைத்தால் ‘இந்த எழுத்துகளில் தொடங்குபவை’ என்று தேடுங்கள். ‘நடுவில் எங்கேயாவது இருப்பவை’ என்று தேடினால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, டேபிள் முழுக்கத் துழாவ வேண்டியிருக்கும். அதைவிட நல்லது, பட்டியல் திறக்கும்போதே ‘இன்று, இந்த ஷிப்ட், இந்த இயந்திரம்’ என்ற வடிகட்டியோடு திறப்பது. ஆபரேட்டர் தேடுவது பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

கேள்வி: ஒரு வரியைத் தொட்டால் வேறு வரியின் விவரம் திறக்கிறது. தொடுதிரையைக் காலிபரேட் செய்தும் பயனில்லை.

பதில்: எல்லாப் பட்டன்களும் ஒரே திசையில் பிசகினால்தான் காலிபரேஷன் கோளாறு. பட்டியலில் மட்டும், அதுவும் எப்போதாவது மட்டும் பிசகினால் குற்றவாளி ஆட்டோ ரிஃப்ரெஷ். இரண்டு நொடிக்கு ஒருமுறை பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது, புதிய பதிவு மேலே நுழைகிறது, எல்லா வரிகளும் ஒருபடி கீழே இறங்குகின்றன. கண் நான்காவது வரியைப் பார்க்கிறது. விரல் கண்ணாடியைத் தொடுவதற்குள் அந்த இடத்துக்கு மூன்றாவது வரி வந்துவிடுகிறது. ஆபரேட்டர் மீது தவறே இல்லை.

ஆபரேட்டர் பட்டியல் திரையில் இருக்கும்போது தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள். புதியவை வந்தால் மேலே ‘புதிய பதிவுகள் உள்ளன’ என்று ஒரு பட்டன் தெரியட்டும், அவரே தொட்டுப் புதுப்பித்துக்கொள்வார். தேர்வை ‘நான்காவது வரி’ என்று நினைவில் வைக்காமல் ரெக்கார்டின் எண்ணாக வையுங்கள். தொட்டவுடன் திறக்காமல், முதல் தொடுதலில் வரி நிறம் மாறி, பிறகு ‘திருத்து’ பட்டன் மூலம் திறக்கும்படி இரண்டு படியாக்குங்கள். பட்டன் அழுத்தும்போது இயங்காமல் விரலை எடுக்கும்போது இயங்கட்டும். தவறான இடத்தில் விரல் வைத்தவர் அப்படியே நகர்த்தித் தப்பிக்க வழி இருக்கும். விவரத் திரையின் தலைப்பில் ரெக்கார்டின் எண்ணும் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

கையுறை போட்டு வேலை செய்யும் இடமென்றால் பட்டன்களை 15 முதல் 20 மி.மீ. வரை பெரிதாக்குங்கள். ரெசிஸ்டிவ் (அழுத்தத்தை உணரும்) திரை எந்தக் கையுறையையும் ஏற்கும். கபாசிட்டிவ் (விரலை மின்சார மாற்றத்தால் உணரும்) திரையில் சொட்டும் நீரே விரலாகப் பதிவாகக்கூடும். கழுவும் இடங்களில் ‘திரையைத் துடைக்க’ என்று தொடுதலைச் சில நொடி முடக்கும் பட்டன் ஒன்று அவசியம்.

கேள்வி: பேனலை நேரடியாக டேட்டாபேஸோடு இணைக்கலாமா, நடுவில் ஒரு கணினி வேண்டுமா? நேரடியாக முயன்றபோது ‘இணைப்பு தோல்வி’ என்பதைத் தவிர எந்தத் தகவலும் வரவில்லை.

பதில்: இரண்டும் நடைமுறையில் உண்டு. வெயின்டெக் போன்ற சில பேனல்களில் மைஎஸ்கியூஎல்லிடமும் எம்எஸ் எஸ்கியூஎல் சர்வரிடமும் நேரடியாகக் கேள்வி அனுப்பும் வசதி இருக்கிறது. பெக்காஃப் போன்றவர்கள் பிஎல்சி பக்கத்திலேயே டேட்டாபேஸ் இணைப்பைத் தருகிறார்கள். இக்னிஷன் போன்ற ஸ்காடா (ஆலையைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும்) மென்பொருளில் டேட்டாபேஸ் இணைப்பு சர்வரில் இருக்கும், திரை வெறும் காட்சிதான்.

ஒரு பேனல், ஒரு டேபிள், பெரும்பாலும் படிக்க மட்டும் என்றால் நேரடி இணைப்பே போதும். நான்கைந்து பேனல்கள் எழுதவும் செய்யும் என்றால் நடுவில் ஒன்று இருப்பது நல்லது. காரணம் வேகம் அல்ல. டேபிளின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பேனல் புராஜெக்டையும் திறந்து மாற்றி டவுன்லோட் செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான். நடுவில் கணினி வைக்க முடியாவிட்டால், சர்வரிலேயே ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதி, பேனல் அதை மட்டும் அழைக்கும்படி செய்யலாம்.

இணைப்புத் தோல்விக்கு வருவோம். முதலில் போர்ட்: மைஎஸ்கியூஎல் 3306, எஸ்கியூஎல் சர்வர் 1433, போஸ்ட்கிரெஸ் 5432. ஃபயர்வாலில் இது திறந்திருக்கிறதா என்று பேனல் இருக்கும் அதே நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப்பைச் செருகிப் பாருங்கள். சர்வர் கணினியிலேயே உட்கார்ந்து சோதித்து ‘வேலை செய்கிறதே’ என்பது கணக்கில் வராது.

எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி/ஐபி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, ‘ஐபி ஆல்’ பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கி, கீழே 1433 என்று எழுதி, சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பேனலுக்கு விண்டோஸ் கணக்கு கிடையாது. ஆகவே எஸ்கியூஎல் சர்வர் ‘கலப்பு’ அங்கீகார முறையில் இருந்தால்தான் பயனர்பெயர், பாஸ்வேர்டு செல்லும்.

மைஎஸ்கியூஎல்லில் மூன்று தடைகள். பயனர் கணக்கு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற இடத்துக்கு மட்டும் உருவாக்கப்பட்டிருந்தால் வெளியிலிருந்து வரும் பேனலை அது ஏற்காது. பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று இருந்தாலும் அப்படித்தான். மூன்றாவதுதான் பலரைச் சுற்றலில் விடுகிறது: 8.0 வரிசையில் இயல்பான பாஸ்வேர்டு முறை மாறிவிட்டது, பழைய பேனல்களின் டிரைவருக்கு அந்தப் புதிய முறை தெரியாது. பேனலுக்கென உள்ள பயனரை மட்டும் பழைய ‘நேட்டிவ் பாஸ்வேர்டு’ முறைக்கு மாற்றலாம். ஆனால் 8.4-ல் அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0-ல் நீக்கப்பட்டேவிட்டது. பேனலின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதே நிலையான வழி.

கேள்வி: தினமும் காலையில் முதல் முறை ரெக்கார்டைத் திறந்தால் பிழை வருகிறது. இரண்டாவது முறை தொட்டால் சரியாகிவிடுகிறது. இரவு முழுக்கப் பேனல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பதில்: மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறோம். அதில் வெயிட் டைம்அவுட் இயல்பாக 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம். அவ்வளவு நேரம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். பேனலுக்கு அது தெரியாது. காலையில் செத்த இணைப்பில் கேள்வியை அனுப்பிப் பிழை வாங்குகிறது, பிறகுதான் புதிதாக இணைகிறது. நேரத்தை நீட்டிப் போடுவது ஒட்டுப்போடும் வேலை. நடுவில் உள்ள ரூட்டரோ ஃபயர்வாலோ இன்னும் சீக்கிரமாகவே துண்டிக்கக்கூடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘1-ஐத் திருப்பிக் கொடு’ என்ற வெற்றுக் கேள்வியை அனுப்புங்கள். அல்லது, படிக்கும் கேள்வி தோற்றால் மறு இணைப்பு செய்து ஒரே ஒருமுறை தானாக மீண்டும் கேட்கும்படி எழுதுங்கள். எழுதும் கட்டளைக்கு இந்தத் தானியங்கி மறுமுயற்சி கூடாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: ‘சேமி’ பட்டனைத் தொட்ட நேரத்தில் நெட்வொர்க் போய்விட்டது. பேனல் ‘தோல்வி’ என்றது. ஆபரேட்டர் மீண்டும் சேமித்தார். பார்த்தால் ஒரே கழிவுப் பதிவு இரண்டு முறை ஏறியிருக்கிறது.

பதில்: கட்டளை சர்வருக்குப் போய் நிறைவேறியபின், பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு போயிருக்கிறது. பேனல் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கும், கட்டளை போகவே இல்லை என்பதற்கும் வேறுபாடு தெரியாது. அதனால் ‘தோல்வி’ என்று காட்டியதே தவறு. ‘முடிவு தெரியவில்லை, சரிபார்க்கிறது’ என்பதுதான் நேர்மையான செய்தி.

புதிய பதிவு திரையைத் திறக்கும்போதே அதற்கு ஒரு கோரிக்கை எண் கொடுங்கள்: பேனல் எண்ணும், பேனலின் நிரந்தர மெமரியில் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணும் சேர்ந்தால் போதும். டேபிளில் அந்த நெடுவரிசைக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். ஆபரேட்டர் பத்து முறை ‘சேமி’ தொட்டாலும் அதே எண்தான் போகும், ஒரே பதிவுதான் ஏறும். ‘ஏற்கெனவே உள்ளது’ என்று சர்வர் மறுத்தால் பேனல் அதை வெற்றியாகவே கொள்ள வேண்டும். கூடவே, தொட்டவுடன் ‘சேமி’ பட்டன் மங்கி, பதில் வரும்வரை முடங்கியிருக்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பி யூனிக் கட்டுப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு பேனல்களிலிருந்து ஒரே ரெசிபியை (வெப்பநிலை, நேரம் போன்ற தயாரிப்பு மதிப்புகளின் தொகுப்பு) திருத்துகிறோம். ஒருவர் மாற்றிய வெப்பநிலை, இன்னொருவர் நேரத்தை மட்டும் மாற்றிச் சேமித்தவுடன் பழைய மதிப்புக்கே போய்விடுகிறது.

பதில்: இரண்டாமவர் நேரத்தை மட்டும் மாற்றினார், அவருடைய பேனலோ எல்லா நெடுவரிசைகளையும் திருப்பி எழுதியது. அவர் திரையைத் திறந்தபோது இருந்த பழைய வெப்பநிலையும் அதோடு போயிற்று.

‘ஒருவர் திறந்தால் மற்றவருக்குப் பூட்டு’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தொடுதிரையில் அது சரிப்படாது. திருத்தத் திரையைத் திறந்து வைத்துவிட்டு ஆபரேட்டர் வேறு வேலைக்குப் போய்விடுவார், பூட்டு அப்படியே கிடக்கும். டேபிளில் ‘பதிப்பு எண்’ என ஒரு முழு எண் நெடுவரிசை சேருங்கள். படிக்கும்போது அதையும் படித்து வையுங்கள். 7 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சேமிக்கும்போது ‘ரெக்கார்டு எண் இதுவாகவும் பதிப்பு 7 ஆகவும் இருந்தால் மட்டும் மாற்று, பதிப்பை 8 ஆக்கு’ என்று ஒரே கட்டளையில் அனுப்புங்கள். மாறிய வரிகள் 1 என்று பதில் வந்தால் முடிந்தது. 0 என்றால் இடையில் வேறு யாரோ மாற்றிவிட்டார் அல்லது அந்த ரெக்கார்டே போய்விட்டது. புதிய மதிப்பையும் இவர் கொடுத்த மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் ஒரு சூட்சுமம்: ‘மாறிய வரிகள்’ என்பது இயல்பாக உண்மையிலேயே மதிப்பு மாறிய வரிகளைத்தான் எண்ணும், நிபந்தனைக்குப் பொருந்தியவற்றை அல்ல. பதிப்பு எண் இல்லாமல், இருந்த மதிப்பையே மறுபடி சேமித்தால் 0 வரும். அதை மோதல் என்று தவறாக நினைக்க வாய்ப்புண்டு. பதிப்பு எண் எப்போதும் ஏறுவதால் இந்தக் குழப்பம் வராது. எஸ்கியூஎல் சர்வரில் ‘ரோவெர்ஷன்’ என்ற தரவு வகையே இதற்காக இருக்கிறது.

முந்தைய கேள்வியில் சொன்ன இணைப்பு முறிவுக்கும் இதுவே மருந்து. சேமித்தது ஏறியதா என்று சந்தேகம் வந்தால் ரெக்கார்டை மறுபடி படியுங்கள். பதிப்பு 8 ஆகி, கடைசியாக மாற்றியது இந்தப் பேனல்தான் என்று இருந்தால் ஏறிவிட்டது.

கேள்வி: பேட்ச் எண் 20240517 என்று டேட்டாபேஸில் இருக்கிறது. பேனலில் 20240516 என்று தெரிகிறது. வைரஸா?

பதில்: இல்லை, ரியல். பேனலிலோ பிஎல்சியிலோ அந்த டேக் (மதிப்பை வைக்கும் பெயரிட்ட இடம்) 32 பிட் ரியல் (தசம எண்) வகையாக இருக்கிறது. அதில் 1,67,77,216 வரைதான் எல்லா முழு எண்களும் துல்லியமாக நிற்கும். அதற்குமேல் 3,35,54,432 வரை இரட்டை எண்கள் மட்டுமே. 20240517 ஒற்றை எண் என்பதால் பக்கத்து இரட்டை எண்ணுக்கு உருண்டுவிட்டது. நாளைய 20240518 சரியாகத் தெரியும், நாளை மறுநாள் மறுபடி தவறும். டேக்கை டிஇன்ட் (32 பிட் முழு எண்) வகைக்கு மாற்றுங்கள். பார்கோடாக வரும் எண்களை எழுத்துச் சரமாகவே வையுங்கள். முன்னால் உள்ள பூஜ்யங்கள் எண்ணாக்கினால் பறந்துவிடும்.

இதே காரணத்தால் ரியல் மதிப்பை வைத்து ‘0.1-க்குச் சமமானவை’ என்று தேடாதீர்கள், சிக்காது. எடை, அளவு போன்றவற்றை டேட்டாபேஸில் டெசிமல் வகையாகவும், பிஎல்சியில் பத்தாலோ நூறாலோ பெருக்கிய முழு எண்ணாகவும் வைக்கலாம். அப்படிச் செய்தால் தசமப் புள்ளி எங்கே என்பதை ஒரே இடத்தில் மட்டும் முடிவு செய்யுங்கள். பேனல் ஒருமுறை பெருக்கி, ஸ்கிரிப்ட் மறுமுறை பெருக்கி, 25.5 என்பது 2550 ஆன கதை அடிக்கடி நடப்பது.

கேள்வி: ரெசிபிப் பெயரைத் தமிழில் வைக்க ஆசை. சில பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன, சில பாதியில் உடைகின்றன. ‘மஞ்சள்’ சரியாக வருகிறது, ‘சிவப்பு’ வரவில்லை!

பதில்: கேள்விக்குறி என்றால் டேட்டாபேஸ் பக்கம். எஸ்கியூஎல் சர்வரில் நெடுவரிசை என்வார்சார் வகையாக இருக்க வேண்டும், கட்டளையில் நேரடியாக எழுதும் சரத்துக்கு முன்னால் N என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் டேபிள், இணைப்பு இரண்டுமே யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும்.

உடைவது நீளக் கணக்கு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளியும் துணைக்கால், கொம்பு வகைகளும் தனித்தனிக் குறியீடுகள். ‘மஞ்சள்’ ஆறு குறியீடு, 18 பைட். ‘சிவப்பு’ ஏழு குறியீடு, 21 பைட். உங்கள் பிஎல்சி சரம் 20 பைட்டாக இருக்க வேண்டும். அதனால் கடைசி உகரக் குறியின் நடுவில் வெட்டு விழுகிறது. 60 பைட்டாக்கிவிடுங்கள். சீமென்ஸ் பிஎல்சியில் ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் 2 பைட் நீளக் குறிப்பு இருப்பதையும் முகவரிக் கணக்கில் சேருங்கள்.

வேறொன்றும் உண்டு. சில பேனல்களில் எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் நிரல் இருக்காது. அங்கே ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். பேனல் வாங்குமுன் ‘கொ, கை, ஸ்ரீ’ மூன்றையும் அதன் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள், கணினியில் ஓடும் சிமுலேட்டரில் அல்ல. சிமுலேட்டர் விண்டோஸின் உதவியால் சரியாகக் காட்டிவிடும். எப்படியானாலும் பிஎல்சிக்குப் பெயரை அனுப்பாதீர்கள், எண்ணை அனுப்புங்கள். பெயர் மனிதர்களுக்கு.

கேள்வி: டேட்டாபேஸிலிருந்து ரெசிபியை எடுத்துப் பேனல் ஸ்கிரிப்ட் பிஎல்சியில் எழுதுகிறது. எப்போதாவது ஒரு பேட்ச் பழைய வெப்பநிலையும் புதிய நேரமுமாக ஓடிவிடுகிறது.

பதில்: வந்த கேள்விகளில் ஆபத்தானது இதுதான். ஸ்கிரிப்ட் முப்பது டேக்குகளை வரிசையாக எழுதினால் அவை முப்பது தனித்தனிப் பயணங்கள். பிஎல்சி அதற்குள் பலமுறை தன் சுற்றை முடித்துவிடும். மொத்தமாக எழுதினாலும், மோட்பஸ் டிசிபியில் (பேனலும் பிஎல்சியும் பேசும் ஒரு முறை) ஒரு கோரிக்கையில் அதிகபட்சம் 123 ரெஜிஸ்டர்தான் (16 பிட் இடங்கள்) எழுத முடியும். அதைத் தாண்டினால் இரண்டாக உடையும். உடைந்த இடத்தில் ஸ்டார்ட் பட்டன் அழுத்தப்பட்டால் பாதி பழையது, பாதி புதியது.

பிஎல்சியில் இரண்டு இடங்கள் ஒதுக்குங்கள்: வரவேற்பறை ஒன்று, இயங்கும் பகுதி ஒன்று. பேனல் எழுதுவது வரவேற்பறையில் மட்டும். இயங்கும் பகுதியைச் சுட்டும் எந்த உள்ளீட்டுக் கட்டமும் பேனலில் இருக்கவே கூடாது. முறை இப்படி: பேனல் எல்லா மதிப்புகளையும் எழுதுகிறது, திரும்பப் படித்து ஒப்பிடுகிறது, கடைசியாகக் கோரிக்கை எண்ணை ஒன்று கூட்டுகிறது. பிஎல்சி, எண் மாறியதைக் கண்டதும் இயந்திரம் ஓய்வில் இருக்கிறதா, ஒவ்வொரு மதிப்பும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது. சரியென்றால் ஒரே சுற்றில் மொத்தத்தையும் இயங்கும் பகுதிக்கு நகலெடுக்கிறது. பிறகு அதே கோரிக்கை எண்ணையும் ஒரு முடிவுக் குறியீட்டையும் திருப்பி எழுதுகிறது: 1 ஏற்றது, 2 இயந்திரம் ஓடுகிறது, 3 வரம்பு மீறல். மூன்றாவதற்கு எந்த மதிப்பு என்பதையும் சொல்லட்டும். மூன்று நொடிக்குள் எண் திரும்பாவிட்டால் ‘பிஎல்சி பதில் தரவில்லை’ என்று பேனல் காட்டட்டும்.

ஒற்றை பிட்டை ஏற்றி இறக்கியும் செய்யலாம். ஆனால் பேனல் ஏற்றியபின் இறக்குவதற்குள் மின்சாரம் போனால், திரும்ப வந்ததும் அந்தப் பழைய கோரிக்கை உயிர்த்தெழும். எண் முறையில், மின்சாரம் போனாலும் அழியாத இடத்தில் கடைசி எண்ணை வைத்தால் அந்த வம்பு இல்லை.

வரம்புச் சோதனை பேனலின் எண் பலகையில் இருக்கிறதே, பிஎல்சியில் எதற்கு என்று கேட்பார்கள். பேனலைத் தொடாமலே டேட்டாபேஸில் யாராவது மதிப்பை மாற்றலாம் என்பதுதான் விடை. டேட்டாபேஸிலும் செக் கட்டுப்பாடு போடுங்கள். மைஎஸ்கியூஎல்லில் 8.0.16-க்கு முந்தைய பதிப்பென்றால் அந்தக் கட்டுப்பாட்டை அது முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு செயல்படுத்தாமல் விட்டுவிடும், பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அளவீடு எடுக்காத வரிகள் பேனலில் 0 என்று தெரிகின்றன. திருத்திச் சேமித்தால் டேட்டாபேஸிலும் 0 ஆகிவிடுகிறது, சராசரி கெடுகிறது.

பதில்: டேட்டாபேஸின் ‘நல்’ (null, அதாவது மதிப்பே இல்லை) என்பதற்குப் பேனல் டேக்கில் இடமில்லை. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ‘மதிப்பு உண்டு’ என்று ஒரு பிட் துணைக்கு வையுங்கள். அது 0 என்றால் திரையில் கோடு காட்டுங்கள், சேமிக்கும்போது ‘நல்’ அனுப்புங்கள்.

கேள்வி: பெயரில் மேற்கோள் குறி வந்தால் சேமிக்க மறுக்கிறது.

பதில்: உள்ளிட்ட சரத்தைக் கட்டளையோடு ஒட்டி அனுப்புகிறீர்கள். இன்று மறுக்கிறது, நாளை யாராவது வேண்டுமென்றே எழுதினால் டேபிளையே அழிக்கும். கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் பாராமீட்டர் முறைக்கு மாறுங்கள். பேனலில் அந்த வசதி இல்லையென்றால் திரைப் பலகையில் அந்தக் குறிகளையே எடுத்துவிடுங்கள், பார்கோடு ஸ்கேனர் வழியே வருவதையும் எழுத்து எழுத்தாகச் சலியுங்கள். இது இரண்டாந்தர வழிதான்.

கேள்வி: பேனலின் எஸ்டி கார்டில் எஸ்கியூலைட் கோப்பாக வைத்திருக்கிறோம். மின்வெட்டுக்குப் பிறகு சில நாள் பதிவுகள் காணவில்லை. பேக்கப்பிலும் இல்லை.

பதில்: கோப்பு கெட்டிருந்தால் திறக்கும்போதோ படிக்கும்போதோ பெரும்பாலும் பிழை காட்டியிருக்கும். ‘சில நாள் மட்டும் காணோம், பேக்கப்பிலும் காணோம்’ என்றால் டபிள்யூஏஎல் முறையில் ஓடுகிறது என்று சந்தேகிக்கிறோம். அந்த முறையில் புதிய பதிவுகள் முதலில் பக்கத்திலுள்ள, பெயர் ‘-wal’ என்று முடியும் துணைக் கோப்பில் தங்கி, பிறகுதான் முதன்மைக் கோப்புக்குப் போகும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் அல்லது யாராவது அந்தத் துணைக் கோப்பைக் குப்பை என்று அழித்தால் அந்தப் பதிவுகள் போச்சு. வேக்யூம் இன்டூ கட்டளை (2019-ல் வந்த 3.27 முதல் உண்டு) முழு நகலை ஒரே கோப்பாகத் தரும், அதை யுஎஸ்பிக்கு எடுங்கள். இந்தக் கோப்பை நெட்வொர்க் பகிர்வில் வைத்து இரண்டு பேனல்கள் திறப்பது கூடவே கூடாது. டபிள்யூஏஎல் முறை அங்கே வேலை செய்யாது.

கார்டின் ஆயுளுக்கு: நொடிக்கு நொடி தனித்தனியாக எழுதாமல் பத்து நொடிப் பதிவுகளை ஒரே டிரான்ஸாக்ஷனாக எழுதுங்கள். தொழிற்சாலைத் தரக் கார்டும் 24 வோல்ட் டிசி பக்கத்தில் சிறு யுபிஎஸ்ஸும் வைத்தால் பாதிச் சிக்கல் வராது.

கேள்வி: ‘அழி’ பட்டன் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா? யார் எதை மாற்றினார்கள் என்ற பட்டியலும் கேட்கிறார்கள்.

பதில்: பட்டன் வைக்கலாம், அழிக்கக் கூடாது. ‘நீக்கப்பட்டது’ என்ற நெடுவரிசையில் 1 எழுதுங்கள். பட்டியல் அதை வடிகட்டி மறைக்கட்டும். பேனலின் டேட்டாபேஸ் பயனருக்கு டெலிட் உரிமையே கொடுக்காதீர்கள். படிக்கவும், குறிப்பிட்ட நெடுவரிசைகளை மாற்றவும், பதிவு சேர்க்கவும் போதும். பேனல் புராஜெக்டுக்குள் இருக்கும் பாஸ்வேர்டு என்றாவது வெளியே போகும் என்றே கணக்கு வையுங்கள்.

மாற்றப் பட்டியலைப் பேனல் ஸ்கிரிப்ட்டில் எழுதாமல் டேட்டாபேஸ் டிரிக்கரில் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் நிரல்) எழுதுங்கள்; கணினி வழியே நடக்கும் மாற்றமும் அப்போதுதான் சிக்கும். ரெக்கார்டு எண், நெடுவரிசை, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பேனலில் உள்நுழைந்திருந்தவர், நேரம் ஆகியவை வேண்டும். எல்லாப் பேனல்களும் ஒரே டேட்டாபேஸ் பயனராக இணைவதால், ஆபரேட்டரின் பெயரை ‘கடைசியாக மாற்றியவர்’ நெடுவரிசையில் சேமிக்கும் கட்டளையோடேயே அனுப்ப வேண்டும். நேரம் சர்வருடையதாக, யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கட்டும். பேனலின் கடிகாரம் பேட்டரி தீர்ந்த அன்று பல வருடம் பின்னால் போய்விடும். மருந்துத் தயாரிப்பாக இருந்து அமெரிக்காவுக்கு அனுப்புவதென்றால் 1997-ல் வந்த 21 சிஎஃப்ஆர் பகுதி 11 விதி பொருந்தும்: மாற்றக் குறிப்பு கணினி தானாக உருவாக்கியதாக, நேர முத்திரையோடு, முந்தைய தகவலை மறைக்காததாக இருக்க வேண்டும்.

பகிர்ந்துகொள்ளும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால் இந்தப் பட்டியல் முழுக்க ‘ஆபரேட்டர், ஆபரேட்டர்’ என்றுதான் இருக்கும். ஆளுக்கொரு ஆர்எஃப்ஐடி அட்டை கொடுத்து, ஐந்து நிமிடம் தொடாவிட்டால் தானாக வெளியேறும்படி வையுங்கள். வெளியேறும்போது சேமிக்காத திருத்தம் இருந்தால் அது சேமிக்கப்படாமல் கைவிடப்பட வேண்டும்; அடுத்தவர் பெயரில் ஏறிவிடக் கூடாது.